பெயரும் வினையும்: இடறும் இளையோர் பற்றிய சிறுகதைகளை வாசித்தல்



நாம் இன்று கூடியிருக்கும் பத்து காவான் ஒரு காலத்தில் கரும்புக்கும், பின்னர் ரப்பருக்கும் செம்பனைக்கும் பெயர்பெற்ற தோட்டப்பகுதி. 2014ஆம் ஆண்டில் இரண்டாம் பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பிறகு இவ்வூரின் முகம் விரைந்து மாறியது. தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் பெரிய கடைத்தொகுதிகளும் எழுந்துள்ளன. தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அடுக்குமாடி வீடுகளிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் நன்றாகவே வளர்கின்றனர். சிலர் இடறுகின்றனர். பள்ளிக்கு வராமல் இருக்கின்றனர்; வந்தாலும் பேசாமல் இருக்கின்றனர்; பேசினால் நாம் விரும்பாததைப் பேசுகின்றனர். அத்தகைய இளையோரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட கதைகளை வகுப்பறையில் எவ்வாறு வாசிப்பது என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில் நம் பிழை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மொழியியல் ஆய்வுக்குச் செல்லுமுன் சில ஆண்டுகள் நாம் இடைநிலைப்பள்ளி ஒன்றில் தமிழ் கற்பித்தோம். மூன்றாம் படிவ வகுப்பு. அன்று வாசித்த கதையில் ஒரு சிறுவன் கடையில் பொருளைத் திருடுகிறான்; பிடிபடுகிறான்; அவமானப்படுகிறான். வாசித்து முடித்ததும் வழக்கம்போல், "இக்கதையின் படிப்பினை யாது?" என்று கேட்டோம். முன் வரிசையிலிருந்து நாம் எதிர்பார்த்த விடைகள் வந்தன. கடைசி வரிசையில், மாதத்தில் பாதி நாள் வராத ஒரு மாணவன், யாரும் கேட்காமலே எழுந்து, "மாட்டிக்கக் கூடாது சார்" என்றான். வகுப்பே சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. "திமிர் பிடித்தவன்" என்று சொல்லி அவனை வெளியே நிறுத்தினோம். சில வாரங்களில் அவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

அந்த நிகழ்வை நாம் நெடுங்காலம் ஒரு வேடிக்கைக் கதையாகவே நண்பர்களிடம் சொல்லிவந்தோம். அதனை வேறுவிதமாகப் பார்க்கக் கற்றுத் தந்தவை இரண்டு; ஒன்று நம் இலக்கணம், மற்றொன்று நம் சிறுகதை. முதலில் இலக்கணத்துக்கு வருவோம்.

பெயர்ச்சொல் காலம் காட்டாது, வினைச்சொல் காலம் காட்டும் என்பது தொல்காப்பியம் வகுத்த வேறுபாடு. தொடக்கப்பள்ளி மாணவரும் அறிந்த செய்திதான். அதனை மனிதர்மீது பொருத்திப் பாருங்கள். 'திருடன்' என்பது பெயர். அதில் நேற்று இல்லை, இன்று இல்லை, நாளையும் இல்லை. அச்சொல்லைச் சூட்டியவுடன் ஒருவன் எக்காலத்துக்கும் திருடன் ஆகிவிடுகிறான். 'திருடினான்' என்பது வினை. அது இறந்தகாலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறது. எதிர்காலத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறது. இரண்டுக்கும் இடையில் நம் மொழி இன்னொரு வடிவத்தையும் வைத்திருக்கிறது. 'திருடியவன்' என்பது வினையாலணையும் பெயர். ஆளைக் குறிக்கும், ஆனால் காலத்தையும் காட்டும். திருடியவன் நாளை திருப்பிக் கொடுப்பவனாகவும் ஆகலாம். 'திருடன்' என்ற சொல்லுக்குள் அந்த வாய்ப்பு இல்லை.

நன்னூல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆகிய ஆறனையும் வினை தரும் என்கிறார் பவணந்தி முனிவர். அதாவது ஒரு வினையைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டுமானால் யார் செய்தார், எதனைக் கொண்டு செய்தார், எங்குச் செய்தார், என்ன செய்தார், எப்போது செய்தார், எதனை நோக்கிச் செய்தார் என ஆறு வினாக்களைக் கேட்டாக வேண்டும். பெயரைச் சூட்டுவதற்கு எந்த வினாவும் வேண்டியதில்லை. கட்டொழுங்கு ஆசிரியரின் பதிவேட்டில் ஒரு சொல் எழுதினால் போதும்.

நல்ல சிறுகதை இந்த ஆறு வினாக்களையும் கேட்கிறது. பெயராகக் கிடைத்த ஒரு மனிதனை அது வினையாக விரித்துக் காட்டுகிறது. நாம் வகுப்பறையில் பல நேரங்களில் இதற்கு நேர்மாறானதைச் செய்கிறோம். கதையாசிரியர் அரும்பாடுபட்டு விரித்ததைப் 'படிப்பினை' என்ற பெயரில் மீண்டும் ஒரு சொல்லுக்குள் சுருட்டி வைத்துவிடுகிறோம்.

இதற்குத் தமிழில் உள்ள மிகச் சிறந்த எடுத்துக்காட்டு தி. ஜானகிராமனின் 'முள்முடி'. சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய பின்னர் வானொலியின் கல்வி ஒலிபரப்புக்குச் சென்றவர் அவர். ஆசிரியரின் மனத்தை உள்ளிருந்து அறிந்தவர். கதையில் வரும் அனுகூலசாமி பணி ஓய்வு பெறும் ஆசிரியர். தம் பணிக்காலம் முழுவதும் மாணவர் எவரையும் அடிக்காதவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. பிரியாவிடை நாளில் ஊரும் மாணவரும் அவரைக் கொண்டாடுகின்றனர். அந்நாளில் சின்னையன் என்ற மாணவனைத் தாய் அவரிடம் அழைத்து வருகிறாள். அவன் ஒரு புத்தகத்தைத் திருடியவன். அதற்காக, அவனோடு யாரும் பேசக் கூடாது என்று வகுப்புக்கு ஆசிரியர் சொல்லியிருந்தார். சொன்னவர் மறந்துவிட்டார், மாணவர்கள் மறக்கவில்லை. ஓராண்டாக எவரும் அவனிடம் பேசவில்லை. பிரியாவிடைக்காகப் பணம் திரட்டியபோது அவனை அதிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. பிரம்பைத் தொடாத கையால் தாம் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அனுகூலசாமிக்குத் தெரிகிறது. கதையின் தலைப்பு அவர் தலையில் வந்து அமர்கிறது.

இக்கதையை நன்னூலின் ஆறு வினாக்களோடு வாசியுங்கள். செயல் யாது? புத்தகத்தை எடுத்தது. காலம்? ஒரு நாள். ஆனால் அந்த ஒருநாள் வினைக்கு ஓராண்டுப் பெயர் கிடைத்துவிட்டது. இனி 'செய்பவன் யார்?' என்று கேளுங்கள். முதலில் சின்னையன் என்றே எண்ணுகிறோம். கதை முடியும்போது எழுவாய் மாறிவிடுகிறது. 'பேசாதீர்கள்' என்று சொன்னவர் ஆசிரியர். அந்த வினைக்கு வினைமுதல் அவரே. செய்பொருளாக இருந்தவன் சின்னையன். சிறுவன் திருடியது பொய்யன்று. அதைவிட நீண்ட ஒரு வினை அதன் பின்னால் நடந்துகொண்டிருந்தது என்பதையே கதை நமக்குக் காட்டுகிறது. 'திருடுதல் தவறு' என்பதை இக்கதையின் படிப்பினையாகக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர் கதையை வாசிக்கவே இல்லை.

இரண்டாவது கதை பிரபஞ்சனின் 'மரி என்கிற ஆட்டுக்குட்டி'. 1945இல் புதுச்சேரியில் பிறந்து 2018இல் மறைந்த பிரபஞ்சன் முறையாகத் தமிழ் பயின்றவர். 'வானம் வசப்படும்' நாவலுக்காக 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். இக்கதையில் அற்புத மரி என்ற மாணவி ஒழுங்காகப் பள்ளிக்கு வருவதில்லை. அவள் உடையும் பேச்சும் தலைமையாசிரியருக்குப் பொறுக்கவில்லை. மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது அவர் முடிவு. கதையைச் சொல்லும் தமிழாசிரியர் அந்த முடிவுக்கு முன்பாக ஒரு காரியம் செய்கிறார். மனைவியையும் அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குச் செல்கிறார். அங்கே, பெரியவர்கள் ஒவ்வொருவராக விலகிப்போன ஒரு வாழ்க்கையில் ஏறத்தாழத் தனித்து விடப்பட்ட ஒரு பெண்ணைக் காண்கிறார்.

மொழி மாணவர்கள் இக்கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைமையாசிரியர் மரியைப் 'பற்றி'ப் பேசுகிறார். தமிழாசிரியரும் அவர் மனைவியும் மரி'யோடு' பேசுகின்றனர். முன்னதில் அவள் படர்க்கை, பின்னதில் முன்னிலை. கதையின் திருப்பம் முழுவதும் இந்த இட மாற்றத்தில் இருக்கிறது. அறிவுரை என்று சொல்லத்தக்கது கதையில் மிகக் குறைவு. வீட்டுக்கு அழைக்கிறார்கள், சேர்ந்து உண்கிறார்கள், வெளியே அழைத்துச் செல்கிறார்கள். பள்ளிக்கு வருகிறேன் என்ற சொல் கடைசியில் அவள் வாயிலிருந்தே வருகிறது. தலைப்பும் நமக்கு ஒன்றை நினைவூட்டுகிறது. விவிலியத்தில், காணாமற்போன ஆட்டைத் தேடி மேய்ப்பன் போகிறான். தொலைந்த ஆடு தானாகத் திரும்பி வரட்டும் என்று அவன் பட்டியில் காத்திருப்பதில்லை.

இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்து வாசிக்கப் பரிந்துரைக்கிறோம். இரண்டிலும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். இருவரும் நல்லவர்கள். ஒருவர் மாணவனுக்கு ஒரு பெயரைத் தந்துவிட்டு மறந்துபோனார். மற்றவர் பெயரைத் தள்ளி வைத்துவிட்டு வினாவோடு சென்றார். நல்ல மனம் இருந்தால் மட்டும் போதாது என்பதை 'முள்முடி' சொல்கிறது. அதற்கு மேல் என்ன வேண்டும் என்பதை 'மரி' சொல்கிறது.

தமிழ்நாட்டுக் கதைகள் நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டுக்கே வருவோம். 2013ஆம் ஆண்டு ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. அவற்றுள் பலவற்றின் பெயர் வெறும் எண்ணே. அப்பட்டியலை நாம் ஒரு மொழியியலாளனின் கண்ணோடும் பார்த்தோம். பள்ளியில் 'மக்கு' என்றும் வீட்டில் 'உருப்படாதவன்' என்றும் அழைக்கப்பட்ட ஒரு பதினைந்து வயதுப் பையனுக்குக் கும்பல் முதலில் தருவது என்ன? பணத்துக்கும் முன்பாக, ஒரு பெயர். அந்தப் பெயரைச் சொன்னால் தெருவில் நான்கு பேர் ஒதுங்கி நிற்கிறார்கள். நாம் கொடுத்த பெயரிலிருந்து தப்பிப்பதற்காகவே அவன் அந்தப் பெயருக்குள் போய் நுழைந்திருக்கலாம். கும்பல்கள் வளர்வதற்கு வறுமை, தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட வாழ்க்கை, வேலையின்மை என்று பல காரணங்கள் உண்டு. அவற்றைச் சீர்செய்வது ஆசிரியர் ஒருவரால் ஆகாது. பெயர் சூட்டும் அதிகாரமோ ஆசிரியர் கையில் இருக்கிறது.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஜகாட்' திரைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மறு ஆண்டில் அது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படத்துக்கான விருதைப் பெற்றது. தீய, கெட்ட என்று பொருள்படும் மலாய்ச் சொல் நம் மக்கள் நாவில் பெற்ற வடிவமே அத்தலைப்பு. தோட்ட வாழ்வு சிதைந்த காலத்தில் வளரும் அப்போய் என்ற 12 வயதுச் சிறுவனின் கதை அது. படம் அவனைச் சுற்றியுள்ளவர்கள் கொடுக்கும் பெயரைத் தலைப்பாக வைத்துக்கொண்டு, அவன் என்னென்ன செய்தான், அவனுக்கு என்னென்ன செய்யப்பட்டது என்பதைக் காட்டிச் செல்கிறது. 1960களில் ஜெயகாந்தன் சென்னைச் சேரிச் சிறுவன் சிட்டியைப் பற்றி எழுதிய குறுநாவலுக்கு 'உன்னைப் போல் ஒருவன்' என்று பெயரிட்டதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே தலைப்பே வாசகனை முன்னிலையில் நிறுத்தி, அவனுக்கும் அச்சிறுவனுக்கும் உறவு காட்டிவிடுகிறது. அண்மைக் காலத்தில் கே. பாலமுருகன், ம. நவீன் போன்ற, ஆசிரியப் பணியிலிருந்தே வந்த மலேசிய எழுத்தாளர்கள் தோட்டத்தையும் புறநகரையும் சார்ந்த வாழ்க்கையை எழுதி வருகின்றனர். அவர்கள் படைப்புகளைத் தேடி வாசிப்பது உள்ளூர் ஆசிரியருக்கு நல்ல பயிற்சி.

இங்கு மொழிநடை பற்றியும் ஒரு சொல். இத்தகைய கதைகளில் இளையோர் 'பொந்தேங் அடித்தேன்' என்பார்கள், 'சம்செங்' என்பார்கள், மலாயும் சீனமும் ஆங்கிலமும் அவர்கள் பேச்சில் கலந்து வரும். மாணவருக்கு இது கெட்ட தமிழைக் கற்பித்துவிடும் என்று அஞ்சும் ஆசிரியர்கள் உண்டு. செந்தமிழில் நமக்குள்ள பற்று எவருக்கும் குறைந்ததன்று. இருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ் இரட்டை வழக்கு உடைய மொழி. எழுத்து வழக்கில் கதை கூறுவதும் பேச்சு வழக்கில் மாந்தரைப் பேசவிடுவதும் நம் சிறுகதை மரபு ஏற்றுக்கொண்ட முறை. அப்பையனின் பேச்சைத் திருத்தி எழுதிவிட்டால் அவன் கதையிலிருந்து மறைந்துபோவான். நாம் பேசுவதை அவன் வாயில் வைத்தவர்களாவோம். திருத்தக் குறி போடுவதற்கு முன் அவன் சொல்வதைக் கேட்டு முடிப்பது மொழியாசிரியரின் கடமை.

மாணவர்களாகிய உங்களுள் சிலர் இப்போது வேறொரு வினாவை எழுப்பக்கூடும். எல்லாவற்றுக்கும் காரணம் தேடினால் குற்றம் என்று ஒன்றே இல்லாமற்போகுமே. இது தவறு செய்தவனைத் தப்பவிடுவது ஆகாதா? நல்ல வினா. வினை என்றால் வினைமுதல் உண்டு என்பதை மறவாதீர்கள். 'திருடினான்' என்று சொல்லும்போது அவன் அதனைச் செய்தான் என்பதை நாம் உறுதியாகச் சொல்கிறோம். 'அவன் திருடன், அப்படித்தான் செய்வான்' என்று சொல்லும்போதுதான் அவனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறோம். இயல்பே அதுவென்றால் அவனைக் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பெயர் சூட்டுவது கண்டிப்புப்போலத் தோன்றும். உண்மையில் அது கைகழுவுதல். செய்ததைச் செய்ததாகச் சொல்லி, இனி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பதே கண்டிப்பு.

ஆகவே ஆசிரியர்களுக்குச் சில நடைமுறைப் பரிந்துரைகள். இத்தகைய கதையை வாசித்து முடித்தவுடன் படிப்பினையைக் கேளாதீர்கள். முதல் பாடவேளையில் ஒன்றை மட்டும் செய்யச் சொல்லுங்கள்: கதையில் அந்த இளையவனைக் குறிக்கும் பெயர்ச்சொற்களை ஒரு பக்கமும், அவன் செய்த வினைகளை மறுபக்கமும் எழுதட்டும். ஒவ்வொரு பெயரையும் சூட்டியவர் யார் என்று அடையாளம் காணட்டும். அடுத்த பாடவேளையில் முக்கியமான வினை ஒன்றை எடுத்து நன்னூலின் ஆறு வினாக்களைக் கேட்கட்டும். விடை கதையில் இல்லாத இடங்களையும் குறித்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் விவாதம் அந்த இடங்களிலிருந்துதான் பிறக்கும். மூன்றாவதாக, கதையில் யார் யாரோடு பேசுகிறார், யார் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்க்கட்டும். இவற்றுக்குப் பிறகு கருப்பொருளையும் படிப்பினையையும் கேளுங்கள். தேர்வுக்கு வேண்டிய விடையும் இவ்வழியில் இன்னும் செம்மையாகவே வரும். ஏனெனில் அவ்விடைக்கு இப்போது கதையிலிருந்து சான்று இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வகுப்பில் அந்தக் கதையை வாழ்ந்துகொண்டிருக்கும் பிள்ளை இருக்கக்கூடும். 'உன் வீட்டில் இப்படி நடந்ததுண்டா?' என்று அனைவர் முன்னிலையிலும் ஒருபோதும் கேட்காதீர்கள். மரியையும் சின்னையனையும் பற்றிப் பேசுவதே போதும். தன்னைப் பற்றிப் பேசாமலே தன்னைப் பற்றிப் பேச ஒரு பிள்ளைக்குக் கதை இடம் தருகிறது. அந்த மறைப்பை நாம் விலக்கிவிடக் கூடாது. பிள்ளை அதைத் தாண்டிப் பேச விரும்பினால், வகுப்பு முடிந்தபின் கேட்பதற்கு நாம் ஐந்து நிமிடம் அங்கே இருக்க வேண்டும். கனமான செய்தியாயின் பள்ளி ஆலோசகரிடம் அவனை அழைத்துச் செல்ல வேண்டும்.

இறுதியாக, நாம் வெளியே நிறுத்திய அந்த மாணவனிடம் திரும்புவோம். அவன் பள்ளியை விட்டுப் பல மாதங்கள் கழிந்தபின், அவன் வகுப்புத் தோழன் ஒருவன் வேறு ஏதோ பேச்சுக்கிடையே ஒன்றைச் சொன்னான். நாம் அந்தக் கதையை வாசித்த வாரத்தில்தான் அவன் அண்ணனைக் காவல்துறையினர் வீட்டுக்கு வந்து பிடித்துச் சென்றிருந்தனர். 'மாட்டிக்கக் கூடாது' என்பது அவன் நம்மைக் கேலி செய்யச் சொன்னதன்று. அந்த வாரம் அவன் வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததாக இருக்க வேண்டும். நாம் கேட்ட வினாவுக்கு வகுப்பிலேயே தன் வாழ்க்கையிலிருந்து விடை சொன்னவன் அவன் ஒருவன்தான். "ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று ஒரு வினாவை நாம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அவனுக்கு ஒரு பெயரைத் தந்தோம். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிக்கப்பட்ட அவன் பெயரை நாமே அடித்தோம்.

அந்த வினாவை இன்று உங்களிடம் ஒப்படைக்கிறோம். நாளை உங்கள் வகுப்பில் பின்வரிசையிலிருந்து ஒரு தவறான விடை வரும். அப்போது அதனைக் கேளுங்கள்.